இடித்துரைக்கும் பெட்டி

காலை நேரத்தில் கம்பத்திலிருந்து மலையேறும் ஜீப்புகளில் இடம் கிடைப்பது சுலபமல்ல. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் கம்பம்மெட்டு. சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். மழையும் ஏலக்காய் வாசனையும் சாவடியில் நிற்பதில்லை, தமிழும் அப்படித்தான்.

போன மழைக்காலத்தில் அப்படியொரு ஜீப்பில் போனபோதுதான் என் அக்கா மகனின் பாட்டை முதன்முதலில் கேட்டேன். டிரைவர் அவன் சிநேகிதன். பென் டிரைவைச் செருகி, 'உங்க மாப்ள பாட்டுதேன் சார்' என்று சத்தத்தைக் கூட்டினார். பாட்டு என்றால் அவன் எழுதியதல்ல. அவனுடைய அப்பத்தா ஏலக்காய் எடுக்கும்போது பாடுவது. இரண்டு வருஷங்களுக்கு முன்பு அந்தக் கிழவியை உட்கார வைத்துப் பதிவு செய்திருந்தான். அடுத்த தை மாதம் அவர் இறந்துபோனார். அந்தக் குரலுக்கு அடியில் உருமியும் கீழ்ஸ்தாயியில் ஒரு பேஸும் சேர்த்து, கம்ப்யூட்டரில் கலந்து, முழுப்பாட்டாக ஆக்கியிருந்தான்.

ஜீப்பில் கேட்டதோ 'தும் தும்' என்ற அதிர்ச்சி மட்டும்தான். ஸ்பீக்கர் திணறியது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. பின்சீட்டிலிருந்த ஓர் அம்மாள் கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, 'ராகம் நல்லாத்தேன் இருக்கு. கெழவி என்ன சொல்லுதுன்னுதேன் வெளங்கல' என்றார். அவர் அதே தோட்டத்தில் அதே பாட்டைப் பாடியவராகக்கூட இருக்கலாம். அவருக்கே வார்த்தை விளங்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் மருமகன் என்னைப் பிடித்துக்கொண்டான். எப்போதோ ஓர் ஒலிப்பதிவுக் கருவியின் கையேட்டை மொழிபெயர்த்தவன் நான் என்பதால் அந்த வீட்டில் எனக்கு ஒலிப் பொறியாளர் மரியாதை.

'மாமா, எங்கிட்ட இருக்கது ஹோம் தியேட்டர் செட்டு. அதான் சரியா வரல. ஸ்டூடியோ மானிட்டர்தேன் வாங்கணும். எட்டு இஞ்சு வாங்குனா பேஸு நல்லாக் கேக்கும்ல?'

அக்கா தோட்டக் கூலியில் கட்டிய சீட்டு முடிந்து நாற்பதாயிரம் ரூபாய் வந்திருந்தது. அதில்தான் அவன் கண்.

அந்தக் கையேட்டை மொழிபெயர்த்தபோது 'மானிட்டர்' என்ற சொல்லில்தான் நான் ஒரு பகல் முழுக்க நின்றேன். கண்காணிப்பு ஒலிபெருக்கி என்று போட்டால் ஏதோ போலீஸ் சமாச்சாரம் மாதிரி இருந்தது. நம் பள்ளிக்கூடங்களில் மானிட்டர் என்றால் வாத்தியார் இல்லாதபோது பேசியவன் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைக்கும் பையன். அவனை யாருக்கும் பிடிக்காது. லத்தீன் மூலத்திலும் அந்தச் சொல்லுக்கு எச்சரிப்பவன், அறிவுறுத்துபவன் என்றுதான் பொருள். திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' படித்தவர்களுக்கு இந்த ஆசாமி யாரென்று உடனே தெரிந்துவிடும். அரசனிடம் இடித்துச் சொல்பவர். கடைசியில் கையேட்டில் 'மானிட்டர் ஸ்பீக்கர்' என்றே விட்டுவிட்டேன். ஆனால் மனதுக்குள் அது 'இடித்துரைக்கும் பெட்டி'.

வரவேற்பறையில் வைக்கும் ஸ்பீக்கருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முன்னது கேட்பவரை மகிழ்விக்கச் செய்யப்படுவது. பேஸைக் கொஞ்சம் ஏற்றி, உச்சஸ்தாயியைக் கொஞ்சம் மினுக்கி, சுமாரான பதிவையும் அழகாகக் காட்டும். பின்னது பதிவில் உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும். பாட்டைக் கலப்பவனுக்கு முகஸ்துதி ஆகாது. வீட்டில் இனிப்பாகக் கேட்டது ஜீப்பில் வேறு முகம் காட்டிவிடும்.

இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் யமஹாவின் என்எஸ்-10. 1978இல் வீட்டு உபயோகத்துக்கென்று வந்த சின்னப் பெட்டி. வீட்டுக்காரர்கள் அதைச் சீந்தவில்லை; காதைக் குடைகிறது என்றார்கள். ஆனால் பாப் கிளியர்மவுண்டன் போன்ற அமெரிக்க ஒலிக்கலவைக்காரர்கள் அதை எடுத்துக்கொள்ள, எண்பதுகளில் உலகெங்கும் ஸ்டூடியோ மேஜைகளில் அதன் வெள்ளைக் கூம்பு தெரிந்தது. உச்சஸ்தாயியின் காரம் தாங்காமல், மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கரின் முன்னால் டிஷ்யூ காகிதம் ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். இதில் நன்றாகக் கேட்டால் எதிலும் நன்றாகக் கேட்கும் என்பது தொழில் வாக்காகிவிட்டது. 2001இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பல மானிட்டர்களோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது ஒரு காரணம் கிடைத்தது. அது துவாரமில்லாத மூடிய பெட்டி. ஓசை நின்றவுடன் பெட்டியும் நின்றுவிடுகிறது, இழுத்துக்கொண்டு முனகுவதில்லை. அதே ஆண்டு, கூம்புக்கான மரக்கூழ் கிடைக்காமல் யமஹா அதன் தயாரிப்பை நிறுத்தியது. பிறகு வந்த எச்எஸ் வரிசைப் பெட்டிகளில் அந்த வெள்ளைக் கூம்பு மட்டும் பரம்பரைச் சொத்துபோலத் தொடர்கிறது.

இன்னொரு முன்மாதிரி பிபிசியின் எல்எஸ்3/5ஏ. எழுபதுகளில் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்கென்று உருவானது. வேனுக்குள் இடம் கிடையாது. எனவே ஐந்து அங்குலக் கூம்பு. பிபிசி பொறியாளர்கள் ஸ்பீக்கர்களைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பழக்கமான ஒருவரின் பேச்சைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் விடுவார்கள். அதே ஆளை நேரில் பேசச் சொல்லி ஒப்பிடுவார்கள். வயலின், பியானோவில் தப்பித்துவிடும் குறைகூட மனிதக் குரலில் மாட்டிக்கொள்ளும்.

மலையாளம் நீங்கலாக, பக்கத்து மொழிக்காரர்களைவிட நமக்கு இது இன்னும் முக்கியம் என்று தோன்றுகிறது. ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் அடையாளம் பெரும்பாலும் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான இடைப்பகுதியில் இருக்கிறது. ழகரத்துக்கு நாக்கை வளைக்கும்போது அந்த அதிர்வுத் திரட்சிகளில் ஒன்று கீழே இறங்கிவிடுகிறது. அந்த இடத்தை மழுப்பும் ஸ்பீக்கரை நம்பிக் கலந்தால் 'மழை', 'மலை' ஆகிவிடும். கம்பம்மெட்டில் இரண்டுமே உண்டு என்றாலும் பாட்டின் பொருள் ஒன்றுதானே.

மருமகனின் அறைக்குப் போனேன். நம் ஊர்களில் யாரைக் கேட்டாலும் சொல்லும் அளவு: பத்துக்குப் பத்து. உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. நாலு பக்கமும் சிமென்ட் சுவர். நடு அறையில் மேஜை, நாற்காலி. சுவரில் வரிசையாக முட்டை அட்டைகள். முட்டை அட்டை எதிரொலியின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்குமே தவிர, கீழ்ஸ்தாயியை அது ஒன்றும் செய்யாது. இந்தியா முழுவதும் இந்த நம்பிக்கையால் லாபம் கோழிப்பண்ணைக்காரர்களுக்குத்தான்.

'போன்ல ஒரே சுருதியா ஒலி எழுப்புற ஆப் ஒண்ணு இறக்கு. 56 ஹெர்ட்ஸ் வை' என்றேன்.

எதற்கு 56? ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பத்தடி என்பது 3.05 மீட்டர். இரு சுவர்களுக்கு நடுவே ஓர் அலையின் பாதி சரியாகப் பொருந்தும்போது அந்தச் சுருதியில் அறை தானே பாடத் தொடங்கும். 343ஐ 3.05இன் இருமடங்கால் வகுத்தால் 56. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்று ஜோடிச் சுவர்களும் சேர்ந்து ஒரே சுருதியைப் பிடித்துக்கொள்ளும். ஒலிக்கு இதைவிட மோசமான அறை வடிவம் கிடையாது. அதிலும் ஒரு விசித்திரம்: சுவரோரத்தில் அந்தச் சுருதி முழங்கும், அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய செத்துவிடும்.

அவனுடைய பழைய செட்டில் அந்தச் சுருதியை ஓடவிட்டோம். நடு நாற்காலியில் உட்கார்ந்தால் எங்கோ தூரத்தில் மோட்டார் ஓடுவதுபோல லேசாக ஒரு முனகல். எழுந்து சுவர்ப் பக்கம் போகப் போக வயிற்றில் அதிர்ந்தது. மூலையில் தலையை வைத்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வருஷக்கணக்கில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பேஸ் கேட்கவில்லை கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். ஏற்றியதெல்லாம் பாட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஜீப் அதைக் கக்கியது.

எட்டு அங்குலம் என்ன, பதினைந்து அங்குலம் வாங்கினாலும் அந்த நாற்காலியில் அந்தச் சுருதி கேட்காது. கேட்காததற்குக் காரணம் பெட்டி அல்ல.

இரண்டாவது தப்பு, அவன் வேலை செய்யும் நேரம். பகலில் தோட்டக் கணக்குப் பார்க்கிறான். ராத்திரி அம்மா தூங்கிய பிறகு சன்னமாக வைத்துக் கலக்கிறான். 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தின் பிளெட்சரும் மன்சனும் மனிதக் காதை அளந்து காட்டியது இது: சத்தம் குறையக் குறையக் கீழ்ஸ்தாயிக்குக் காது மந்தமாகிவிடும். சன்னமாகக் கேட்பவன் தன்னையறியாமல் பேஸை ஏற்றுவான். அதே பாட்டை இன்னொருவர் உரக்க வைத்தால் பேஸ் மட்டும் பூதமாகக் கிளம்பும். எனவே ஓர் அளவான சத்தத்தை வைத்துக்கொண்டு, அருகில் இருப்பவரோடு குரலை லேசாக உயர்த்திப் பேச வேண்டியிருக்கும் அளவில், முக்கியமான முடிவுகளைப் பகலில் எடுப்பது நல்லது. சன்னமாகக் கேட்பது குரல் தெளிவைப் பார்க்க மட்டும்.

கூட்டத்துக்குக் கேட்க வேண்டிய பாட்டுக்கு இந்த மலையில் பழைய சரித்திரம் உண்டு. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடினார். ரோசம்மா புன்னூஸ் வென்றார். பாவலரின் தம்பிதான் இளையராஜா. அந்தக் காலத்து மேடைகளின் குழாய் ஸ்பீக்கரில் பேஸ் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆனால் வார்த்தை மலைச்சரிவின் மறுபக்கம் வரை போகும். இடைப்பகுதி முழுக்க முழுக்கக் குரலுக்கே. அழகு குறைவுதான், ஆனால் 'என்ன சொல்லுதுன்னு வெளங்கல' என்று அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டு ஸ்டூடியோ என்பதும் தமிழில் நேற்று வந்ததல்ல. ஏ.ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லையில் தொடங்கியதுதான் பஞ்சதன் ரெக்கார்ட் இன். 1992இல் 'ரோஜா' வந்தபோது நாடே அந்தக் கொல்லையைக் கேட்டது. அந்த ஸ்டூடியோவுக்காகத் தாயாரின் நகைகள் போனதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அன்று அதற்கு நகை வேண்டியிருந்தது. இன்று ஒரு சீட்டுப் பணம் போதும். போதும் என்பதாலேயே அது தப்பான பெட்டிக்குப் போய்விடக் கூடாது என்ற கவலை எனக்கு.

அக்கா அடுப்படியிலிருந்து கேட்டாள்: 'ஏண்டா, அந்தப் பொட்டி இல்லாமலே சரியாகுமா?'

கொஞ்சம் ஆகும், முழுதாக ஆகாது என்றேன். நாற்காலியை நடுவிலிருந்து முன் சுவரை நோக்கி நகர்த்தினோம். சுவரிலிருந்து நாலடிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் தலை வரும்படி. இடம் வலம் சமமாக இருக்க வேண்டும். அடுத்து மூலைகள். கீழ்ஸ்தாயி வந்து தேங்குமிடம் மூலைதான். அங்கே தடிமனாக, பஞ்சு பஞ்சாக ஏதாவது வேண்டும். கடைகளில் இதற்கென்று விற்கும் நுரைத் துண்டுகள் பெரும்பாலும் மெலிசு, விலை மட்டும் தடிமன். போடிநாயக்கனூர்ப் பக்கம் இலவம் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. அக்கா வீட்டில் மூன்று இலவம் பஞ்சு மெத்தைகள் இருந்தன. இரண்டைச் சுருட்டி முன்பக்க மூலைகளில் நிற்க வைத்தோம். ஸ்டூடியோக்காரர்கள் மூலையில் வைக்கும் பொறிகளின் தடிமனுக்கு அது ஈடாகாது. ஆனாலும் 56 ஹெர்ட்ஸின் முழக்கம் கொஞ்சம் தணிந்ததை அக்காவே சொன்னாள். பக்கச் சுவருக்குக் கண்ணாடி வித்தை: மருமகன் நாற்காலியில் இருக்க, அக்கா முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போனாள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டோம். முதல் எதிரொலி அங்கேதான் கிளம்பும்.

அதன் பிறகுதான் பெட்டிப் பேச்சு. பத்துக்குப் பத்து அறைக்கு ஐந்து அங்குலம் தாராளம். சந்தையில் நல்ல பெயருள்ள கம்பெனிகளின் ஐந்து அங்குல ஜோடி இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆம்பிளிஃபயர் உள்ளேயே இருக்கும் வகை. தனி ஆம்ப் தேடி அலைய வேண்டாம். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ஹெர்ட்ஸ் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. யமஹா எச்எஸ்5க்கு 54 ஹெர்ட்ஸ் முதல் என்றும், எட்டு அங்குல எச்எஸ்8க்கு 38 முதல் என்றும் போட்டிருக்கும். அந்த எண்கள் சத்தம் 10 டெசிபல் விழுந்துவிட்ட இடத்தில் எடுத்தவை. சில கம்பெனிகள் 3 டெசிபல் கணக்கில் சொல்லும். எந்தக் கணக்கு என்று பார்க்காமல் ஒப்பிட்டால், மரக்காலையும் படியையும் ஒப்பிட்ட கதைதான். பேஸ் கிதாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அது ஐந்து அங்குலத்தில் முழுசாக வராது. அதை ஹெட்போனில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடையில் கேட்டு வாங்க முடிந்தால் மதுரைக்கோ கொச்சிக்கோ போய்வருவது வீண் செலவல்ல. கேட்கும்போது கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்கக் கூடாது. பத்து வருஷம் கேட்டுப் பழகிய பாட்டைக் கொண்டுபோக வேண்டும். கூடவே, ஒப்பனை இல்லாத ஒரு பேச்சுக் குரலையும். இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துளி உரக்கக் கேட்பது எப்போதும் உசத்தியாகத் தோன்றும். விற்பனையாளர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். கேட்டவுடனே 'ஆஹா' என்று தோன்றும் பெட்டி மேல் எனக்குச் சந்தேகம். தெரிந்த பாட்டில் இதுவரை கவனிக்காத ஒரு தப்பைக் காட்டும் பெட்டிதான் நம் ஆள்.

மலைக்கென்று சில தொல்லைகளும் உண்டு. ஆனி ஆடியில் மின்சாரம் வந்து வந்து போகும். ஸ்டெபிலைசருக்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும். மலிவான இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் சேர்ந்துகொள்ளலாம். மூன்று முனையுள்ள பாலன்ஸ்டு கேபிளும் ஒழுங்கான எர்த்தும் அந்த இரைச்சலில் பெரும்பகுதியை அடக்கிவிடும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, மழைக்காலத்தில் பெட்டியைத் தினம் கொஞ்ச நேரமாவது ஓடவிட வேண்டும்.

மருமகன் எட்டு அங்குல ஆசையை அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. சிநேகிதர்கள் என்ன சொல்வார்கள் என்ற கவலை. கடைசியில் ஐந்து அங்குல ஜோடி ஒன்று வாங்கினான். மீதியில் ஒரு ஹெட்போன், ஸ்டெபிலைசர், கேபிள். அப்படியும் அக்காவுக்குச் சில ஆயிரம் திரும்பிப் போனது. அவளுக்கு அதில்தான் என் மேல் மரியாதை கூடியது.

மறுபடி கலந்த பாட்டைக் கார்த்திகையில் கேட்டேன். முதலில் அவன் செய்தது உருமியைப் பாதியாகக் குறைத்ததுதான். பேஸை ஓரிடம் தவிர எடுத்தே விட்டிருந்தான். புதுப் பெட்டி வந்த முதல் வாரம் தனக்கு அழுகையே வந்துவிட்டது என்றான். அப்பத்தா மூச்சு வாங்குவது, நடுவில் ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டுத் திரும்பச் சொல்வது, பதிவின்போது பின்னால் கோழி கத்துவது, எல்லாம் கேட்டதாம். கோழியை எடுக்கப் பார்த்தான், முடியவில்லை, விட்டுவிட்டான்.

அதே ஜீப். அதே டிரைவர். அன்றைக்கு வேறு பெண்கள். யாரும் பாராட்டவில்லை. இரண்டாவது வளைவில் ஒருவர் உதட்டுக்குள்ளேயே கூடப் பாட ஆரம்பித்தார். பிறகு நிறுத்திவிட்டு, 'அந்த எடத்துல அப்பிடிப் பாடக்கூடாது, நாங்க வேற மாதிரி பாடுவோம்' என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சாவடி வரும்வரை இரண்டு பேருக்கும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் சண்டை. மருமகன் போனை எடுத்து அதையும் பதிவு செய்துகொண்டிருந்தான்.

அன்றிரவு அக்கா வீட்டில் விருந்தாளிக்கான மெத்தை கிடைக்கவில்லை. இரண்டும் ஸ்டூடியோ மூலையில் நின்றன. மூன்றாவதையும் பின்சுவருக்குக் கொண்டுபோய்விட்டான். எனக்குக் கோரைப்பாய்தான்.